பத்து மணிக்கு மாமி சரி, நாலு மணிக்கு அவர் சரி

கேள்வி:

நாங்கள் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 6, கடைக்குட்டி 4 மாதக் கைக்குழந்தை. கணவர் கட்டாரில் வேலை. சித்திரை வருடப்பிறப்புக்கு வந்தவர், ஆனி கடைசி வரைக்கும் நிற்பார். வருடப்பிறப்பு விளையாட்டுப் போட்டியில் மகன் மைதானத்தை ஐந்து சுற்று ஓடி முடித்து, நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தான். ஒரு நிமிடத்துக்குள் கண்ணைத் திறந்து கதைத்துவிட்டான். அன்றிலிருந்து மாமி பிள்ளைகளை முற்றத்துக்குக்கூட விடுவதில்லை. "வெயில் குடிச்ச பிள்ளை, பத்து மணி வெயில் ஆகாது, வெளிய போகப்படாது மனே" என்கிறார். கணவரோ, "45 பாகையில் வேலை செய்கிறவன் நான், இதெல்லாம் ஒரு வெயிலா? வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் பிள்ளைகளோடு நிற்கிறேன்" என்று பாசிக்குடாக் கடற்கரை, பொத்துவில் கடற்கரை என்று கிளம்புகிறார். மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. சின்னதுக்குத் தாகம், தண்ணீர் கொடு என்று மாமி தினமும் சொல்கிறார். இடையில் நான்தான் வேகிறேன். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை குழந்தை வைத்தியராக, இரண்டாம் தடவை நானும் ஒரு வீட்டு மருமகளாக. இரண்டாவது வாசிப்பில் சிரிப்பும் வந்தது, மன்னியுங்கள். ஆனால் மயக்கம் என்று ஒரு கடிதத்தில் இருந்தால் மற்றதெல்லாம் பிறகுதான். ஆகவே முதலில் மகன்.

"ஓடி முடித்து, நின்ற இடத்திலேயே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குப் பெரிய நிம்மதி. ஓடும்போது காலின் தசைகள்தான் கீழே இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிக் கொடுக்கின்றன. வெக்கையில் உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் நிறைய இரத்தம் போயிருக்கும். ஓட்டத்தை முடித்துச் சட்டென்று அசையாமல் நின்றால், தள்ளிக் கொடுக்க ஆளில்லாமல் இரத்தம் காலிலேயே தங்கிவிடும். மூளைக்குச் சில விநாடி போதாமல் போகும், கண் இருட்டும், ஆள் விழுவான். படுத்ததும் இரத்தம் தலைக்கு வரும், எழும்பிவிடுவான். உங்கள் மகன் செய்தது அச்சொட்டாக இதைத்தான். ஓடி முடித்த பிள்ளையை நிற்க விடாமல் இரண்டு மூன்று நிமிடம் நடக்க வைத்திருந்தால் அநேகமாக விழுந்தே இருக்கமாட்டான்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்திருந்தால் கதை வேறு. அல்லது விழுவதற்கு முன் நெஞ்சு வலித்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது என்று அவன் சொன்னால், அல்லது உங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் யாராவது இள வயதில் திடீரென்று இறந்திருந்தால், அவனை ஓட விடாமல் உடனே காட்டுங்கள், இதயத்தைப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருதடவை கிளினிக்குக்குக் கூட்டிவாருங்கள். ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டால் மாமிக்கும் தைரியம் வரும், எனக்கும் வரும்.

அப்புறம், அன்றைக்கு அவன் காலையில் என்ன சாப்பிட்டான் என்று நீங்கள் எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன்: ஒரு தேத்தண்ணி, கையில் ஒரு பலகாரம். வருடப்பிறப்புக் காலத்தில் எந்தப் பிள்ளை உட்கார்ந்து சோறு தின்றது? அதற்கு முந்திய வாரங்களில் லீவு என்று வீட்டுக்குள் போனும் கையுமாக இருந்திருப்பான். ஃபேனுக்குக் கீழே கிடந்த உடம்பை ஒரே நாளில் கொண்டுபோய் மைதானத்தில் விட்டால் அது என்ன செய்யும்? வெக்கைக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் வேண்டும். அந்த நாள்களில் அது நேரத்தோடு வியர்க்கப் பழகும், வியர்வையில் உப்பைக் குறைத்துவிடப் பழகும். முதல் நாள் அரை மணித்தியாலம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுவது என்று போனால் பழகிவிடும். பூட்டி வைத்தால் ஒருநாளும் பழகாது. மாமிக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

போட்டியை வைத்த நேரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வந்து போகிறது. மட்டக்களப்புக்கு அந்த நாள் ஏப்ரல் 9 அளவில், நண்பகல் 12 தாண்டிச் சில நிமிடத்தில். அந்த நேரம் முற்றத்தில் ஒரு தடியை நட்டால் நிழலே விழாது. அதற்குள்தான் வருடப்பிறப்பு வருகிறது, அதற்குள்தான் நாங்கள் மரதன், சைக்கிள் ஓட்டம், கயிறிழுத்தல் எல்லாவற்றையும் வைக்கிறோம். முட்டி (பானை) உடைப்பதும் தலையணைச் சண்டையும் பத்து மணிக்கு நடந்தால் பரவாயில்லை. சிறுவர் ஓட்டத்தைப் பதினொன்றரைக்கு வைக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிப்பதில்லை. பிரமுகர் வரப் பிந்தினால் ஓட்டமும் பிந்தும், வெயில் மட்டும் பிந்தாது.

இனி உங்கள் அவருக்கு. அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டாரில் ஜூன் மாதம் வந்தால் பகல் 10 மணிக்கு என்ன நடக்கும்? அவருக்கு நன்றாகத் தெரியும். 2021 தொடக்கம் அங்கே ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். வெயிலில் ஊறிப்போன பெரிய ஆண்களுக்கே அந்த விதி. உங்கள் மாமி எந்தச் சட்டமும் பார்க்காமல் அதே 10 மணியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் கட்டார் அரசும் களுவாஞ்சிக்குடி மாமியும் ஒரே கட்சி என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

வெயிலுக்குப் பழகியது அவருடைய உடம்பு மட்டும்தான். பிள்ளைக்கு எடையோடு பார்த்தால் தோல் அதிகம், ஆகவே சுற்றியிருக்கிற சூடு வேகமாக உள்ளே ஏறும். வியர்வையும் பெரியவர்களைவிடக் குறைவு. இதைவிடப் பெரிய விஷயம், விளையாட்டு மும்முரத்தில் பிள்ளை தானாக நிற்காது. பெரியவன் களைத்தால் மர நிழலுக்குப் போவான். பத்து வயதுக்காரன் களைத்தால் இன்னும் ஒரு ஓவர் போடுவான்.

ஆனால் மாமி 10 மணியைச் சொல்லிவிட்டு 24 மணித்தியாலத்துக்கும் கதவைப் பூட்டுகிறாரே, அதற்கு நான் துணை நிற்கமாட்டேன். காலை 6 முதல் 10 வரையும், பின்னேரம் 4 முதல் பொழுதுபடும் வரையும் பிள்ளைகள் வெளியேதான் நிற்க வேண்டும். ஓடட்டும், மரம் ஏறட்டும், விழட்டும். கண்ணுக்குக்கூட அது வேண்டும். நாளில் இரண்டு மணித்தியாலம் பகல் வெளிச்சத்தில் திரிகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். மாமியின் அப்பாவோ சித்தப்பாவோ சிறுபோக வயலுக்குப் போன நேரத்தை அவரிடமே கேளுங்கள். விடியமுன் போய், வெயில் ஏறமுன் வரம்பால் ஏறி வீட்டுக்கு வந்து, பழஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுச் சரிந்திருப்பார்கள். பிறகு நாலு மணிக்குத் திரும்பவும் வயல். அந்த மணிக்கூட்டைத்தான் பிள்ளைகளுக்கும் வைக்கச் சொல்கிறேன்.

இதற்கிடையில் ஒன்றைக் கேட்க வேண்டும், கோபிக்க வேண்டாம். மகன் ரியூசன் போகிறானா? எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். அந்த உச்சி வெயிலில் சைக்கிளில் வீட்டுக்கு வந்து, அவசரமாகச் சோற்றைத் தின்றுவிட்டு, இரண்டரைக்குத் தகரக் கொட்டகைக்குள் நாற்பது ஐம்பது பிள்ளைகளோடு நெருக்கியடித்து உட்காருகிறார்கள். மேலே தகரம், சுற்றிவர அரைச் சுவர், மூலையில் ஒரு ஃபேன், அதுவும் படிப்பிக்கிற சேரைப் பார்த்தபடி. நான் பார்க்கிற வெயில் தலையிடிக்காரரில் பாதிப்பேர் மைதானத்திலிருந்து வருவதில்லை, இந்தக் கொட்டகைகளிலிருந்துதான் வருகிறார்கள். பின்னேரம் கிளித்தட்டு விளையாடக் கூடாது, ரியூசனுக்குப் போகலாம் என்கிற வீடுகளின் கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அதிலிருந்து விடுதலை கொடுங்கள். மற்ற நாள்களில் தொப்பி, நிரப்பிய தண்ணீர்ப் போத்தல். பள்ளிக்கூடத்தில் போத்தல் காலியானால் திரும்ப நிரப்பச் சொல்லிப் பழக்குங்கள். அநேக பிள்ளைகளுக்குப் போத்தல் 10 மணி இடைவேளையோடு காலி.

வெயில் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் எங்கள் ஊரில் இரண்டு வெயில் இருக்கிறது, இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. சித்திரையில் அடிப்பது புழுக்கம். காற்றில் ஈரம் இருக்கும், வியர்வை காயாது, சட்டை முதுகில் ஒட்டும், இரவிலும் தூக்கம் வராது. உங்கள் மகளின் வேர்க்குரு இந்தப் புழுக்கத்தின் பிள்ளை. வைகாசி பிறந்தால் கச்சான் எழும்பும். (கச்சான் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சுருட்டிய கடதாசியில் வாங்கிக் கொறிக்கிற கச்சான்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது காற்றை.) தென்மேற்கிலிருந்து வருகிற காற்று, மலைநாட்டுக்கு அந்தப் பக்கத்தில் மழையை எல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி, வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையைக் கடந்து, வாவியைத் தாண்டி உங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்து சேருகிறது. கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொறுமொறு என்று காயும். அதே வேகத்தில்தான் பிள்ளையின் வியர்வையும் காய்கிறது. "வியர்க்கவே இல்லையே, தண்ணி எதுக்கு" என்று பிள்ளையும் நினைக்கும், நீங்களும் நினைப்பீர்கள். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். உதடு வெடிக்கும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். ஒன்றுக்குப் போவது குறைந்து, நிறம் கடுத்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இதைவிட நல்ல சோதனை என்னிடமும் இல்லை.

கச்சானில் மூக்கால் இரத்தம் வருவதும் சாதாரணம். அப்போது தலையை அண்ணாந்து பிடிப்பது எல்லா வீட்டிலும் நடக்கிற பிழை, இரத்தம் தொண்டைக்குள் போய் வாந்தி வரும். கொஞ்சம் முன்னுக்குக் குனிய வைத்து, மூக்கின் எலும்பில்லாத மெதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் விட்டு விட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. இன்னொன்று, ஈரத் துணியை யன்னலில் தொங்க விடுவது, சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் கச்சானில் நன்றாக வேலை செய்யும். சித்திரைப் புழுக்கத்தில் செய்தால் வீட்டை இன்னும் அவித்துத்தான் வைக்கும்.

என்ன குடிக்கக் கொடுப்பது? பச்சைத் தண்ணீர்தான் முதலில். விளையாடும்போது 20 நிமிடத்துக்கு ஒருதடவை கூப்பிட்டு, மகனின் வயதுக்கு 100 முதல் 250 மில்லிலீற்றர் வரை, அதாவது அரைக் கோப்பையிலிருந்து ஒரு கோப்பை வரை, கொடுங்கள். தாகம் என்று அவன் சொல்லும்வரை பார்த்திருக்க வேண்டாம். நீண்ட நேரம் ஓடி வியர்த்தால் தேசிக்காய்த் தண்ணியில் சீனியோடு ஒரு சிட்டிகை உப்பு, அல்லது மோர், அல்லது இளநீர். கஞ்சித் தண்ணியை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) பக்கெற்றை வாந்தி, வயிற்றோட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், ருசிக்காக இறுக்கமாகக் கரைக்கக் கூடாது. வத்தகப்பழம், வெள்ளரிப்பழம் எல்லாம் தாராளமாக. ரோட்டோரம் வெட்டி வைத்து ஈ மொய்க்கிறதை மட்டும் வாங்காமல், முழுப் பழமாக வாங்கி வீட்டில் வெட்டுங்கள். வெடித்த வெள்ளரிப்பழத்தைப் பிசைந்து சீனி போட்டு, மேலே இரண்டு கரண்டி எருமைத் தயிர் விட்டுக் கொடுத்துப் பாருங்கள், மகள் போனைக் கேட்கமாட்டாள். சோடா தாகத்துக்கு உதவாது. ஐஸ்பழத்தைத் தடுத்து வெல்ல முடியாது, ஒன்றோடு நிறுத்துங்கள்.

கைக்குழந்தை விஷயத்தில் மட்டும் நான் மாமிக்கு ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கமாட்டேன். 6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், எவ்வளவு வெக்கை என்றாலும். தண்ணீர் வேண்டாம், கொத்தமல்லித் தண்ணி வேண்டாம், சீனித் தண்ணி வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தனித் தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு நிறைந்து பாலைக் குறைத்துவிடும், கிருமியும் போகும், அளவு கூடினால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பே வரலாம். தாகம் என்று மாமிக்குத் தோன்றினால் பிள்ளையை உங்கள் மடியில் கொண்டுவந்து தரச் சொல்லுங்கள். அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் நிறையக் குடியுங்கள். நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் குழந்தைக்குப் போதுகிறது. தொப்பியும் காலுறையும் போட்டுப் பொதி கட்ட வேண்டாம்.

வேர்க்குருவுக்கு மகளின் முதுகில் பவுடரை அப்புகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், எல்லா வீட்டிலும் அதுதான். நிறுத்துங்கள். வியர்வைத் துவாரம் அடைபட்டுத்தான் அது வந்தது, பவுடர் இன்னும் அடைக்கும். இரண்டு நேரம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, தொளதொளவென்ற பருத்திச் சட்டை போடுங்கள். அரித்தால் கலமைன் பூசுங்கள். சீழ் கட்டினால் மட்டும் காட்டுங்கள். மாம்பழம் சூடு, அதனால்தான் கட்டி வருகிறது என்று மாமி சொல்லியிருப்பார். பழத்தின் காம்புப் பாலைக் கழுவிவிட்டுக் கொடுங்கள், மாம்பழத்தின் மேல் பழி வேண்டாம்.

இப்போது பாசிக்குடா. எனக்கு உண்மையில் பயம் வெயிலில் இல்லை, இதில்தான்.

பாசிக்குடாவைத் தெரிந்தெடுத்தது நல்லது. குடாவுக்குள் தண்ணீர் ஆழமில்லை, வெகுதூரம் நடந்து போகலாம். உங்கள் ஊர்க் கடலும் கல்லடிக் கடலும் திறந்த கடல், அதையும் இதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. வாவி கடலோடு சேருகிற முகத்துவாரப் பக்கம் எந்தக் காலத்திலும் பிள்ளைகளை இறக்க வேண்டாம், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். வாவியில் முதலை இருக்கிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சித்திரை கழிந்தால் எங்கள் கடல் அடங்கிவிடும், பார்க்கக் குளம் மாதிரி இருக்கும். அந்தக் குளம்தான் ஏமாற்றும். கச்சான் அடிக்கும்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. அலையை அமுக்கிவிட்டு, மிதக்கிற எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். எனக்கு இதைச் சொல்லித் தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. பல வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், என் மகனுக்கு எட்டு வயது, லொறி டயரின் கறுப்பு ரியூப் ஒன்றில் உட்கார வைத்து முழங்கால் தண்ணீரில் விட்டிருந்தேன். அவன் கையால் துழாவிக்கொண்டிருந்தான். நான் கரையில் குந்தியிருந்து சோற்றுப் பொதியின் நூலை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப்போய்ப் பல்லால் கடித்து இழுத்தது ஞாபகம். நிமிர்ந்து பார்க்கும்போது ரியூப் ஒரு பெரிய வீட்டு வளவின் நீளம் போய்விட்டது. அவன் அழவில்லை, கத்தவில்லை, கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே போகிறான். எனக்கு நீந்தத் தெரியாது. வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா தோணியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்து வந்தார். கொண்டுவந்து விட்டுவிட்டு, "டொக்டர் எண்டுறீங்க, காத்து எந்தப் பக்கத்தால அடிக்குதெண்டு பாக்கத் தெரியாதா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்தச் சோற்றை யாரும் தின்னவில்லை.

ஆகவே கரையில் இறங்கியதும் ஒரு பிடி காய்ந்த மணலை அள்ளி விட்டுப் பாருங்கள். மணல் கடல் பக்கம் பறந்தால் ரியூப், காற்றடித்த பொம்மை, பாய் எதுவும் தண்ணீரில் இறங்கக் கூடாது. பந்து போனால் போகட்டும், பின்னால் யாரும் நீந்தக் கூடாது. மகள் தண்ணீரில் நிற்கும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நிற்க வேண்டும். யார் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்" என்கிற வசனத்தை நான் வார்ட்டில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டேன். மூழ்குகிற பிள்ளை படத்தில் காட்டுவதுபோலக் கையை அடித்துக் கத்தாது. சத்தமில்லாமல் போகும். கையில் போன் இருந்தால் அந்த ஆள் பார்க்கிற ஆள் இல்லை.

நேரத்தை இப்படி வையுங்கள். உங்கள் இடத்திலிருந்து பாசிக்குடாவுக்கு ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஓடும். விடிய நாலு மணிக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குச் சற்று முன் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற எழுவான்கரைப் பிள்ளைகள் என்று பெயர், எத்தனை பேர் அதை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள்? ஒன்பதரைக்குக் கரையேறிவிட வேண்டும், அதற்குப் பிறகு மணல் கால் சுடும். நீளக் கைச் சட்டையோடு குளிக்க விடுங்கள், கிறீமைவிட அது நல்ல காவல். வாடகைக் காரில் போவதென்றால், தூங்குகிற கைக்குழந்தையை "ஐந்து நிமிடம்தானே" என்று உள்ளே விட்டு இறங்க வேண்டாம், கண்ணாடியைக் கொஞ்சம் திறந்துவிட்டாலும் வேண்டாம். வெயிலில் நிற்கிற காருக்குள் பத்து நிமிடத்தில் பத்துப் பாகை அளவுக்கு ஏறிவிடும். பொத்துவில் தூரம். கைக்குழந்தையோடு இந்த மாதம் அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். பெரிய பிள்ளைகள் இருவரையும் மட்டும் அவர் ஒரு நாள் கூட்டிப் போகட்டுமே. உங்களுக்கும் ஒரு நாள் கிடைக்கும்.

யாராவது மயங்கினால் என்ன செய்வது என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள். நிழலில் படுக்க வைத்து, காலைக் கொஞ்சம் உயர்த்தி, சட்டையைத் தளர்த்துங்கள். முழுதாக நினைவு வந்து தானாகப் போத்தலைப் பிடிக்கும்வரை வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. எங்கள் ஊரில் ஆள் விழுந்தால் சோடாப் போத்தலோடு ஓடி வருவார்கள், நல்ல மனம்தான், ஆனால் மூச்சுக் குழாய்க்குள் போகும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பிள்ளை சம்பந்தமில்லாமல் பிதற்றினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அது வேறு. 40 பாகைக்கு மேல் சூடேறிய வெப்பத் தாக்கு. உடனே 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காமல் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதுவானாலும் சரி. பரசிற்றமோல் இதற்கு வேலை செய்யாது, அது காய்ச்சலுக்கு.

மாமியை எப்படிச் சம்மதிக்க வைப்பது? சண்டை பிடித்து அல்ல. என் மாமியோடு பதினேழு வருடம் ஒரே குசினியில் இருந்தவள் சொல்கிறேன். பத்து மணியும் நாலு மணியும் அவருடைய பொறுப்பு என்று விட்டுவிடுங்கள். பத்து மணிக்குக் கூப்பிட்டு உள்ளே எடுப்பதும் அவர், நாலு மணிக்குக் கதவைத் திறந்து விடுவதும் அவர். முதல் மூன்று நாள் நாலரைக்குத்தான் திறப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையில் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தென்னை நிழல் கடல் பக்கமாக நீளும். மாமிக்கு ஒரு கதிரையை அந்த நிழலில் போட்டுவிட்டால் பிள்ளைகள் அவர் கண் முன்னால்தான் கிளித்தட்டு விளையாடுவார்கள். கோடு கீறத் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். பொழுதுபட்டால் நுளம்பு, ஆகவே ஆறரைக்கு உள்ளே.

வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி வருகிறது. மதுரையை எரித்த கோபத்தைத் தணிக்கிற சடங்கு எங்களுக்குச் சரியாக இந்த வெக்கையில்தான் வருகிறது. மாமி பிள்ளைகளைக் கூட்டிப்போவதென்றால் தாராளமாக விடுங்கள், இரவுதானே, வெயில் இல்லை. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தூங்க வைத்து, கையில் தண்ணீர்ப் போத்தல் கொடுத்து அனுப்பினால் போதும். உங்கள் கணவருக்கும் ஒரு இரவு வேலை கொடுங்கள்: பூரணையில் பிள்ளைகளைக் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப் போய், வாவிக்குள் பாடும் மீன் என்கிற சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுக்கச் சொல்லுங்கள். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரையும் அதற்குக் காலம் என்பார்கள். நான் மூன்று தடவை போய் ஒருதடவைதான் ஏதோ கேட்டேன், அதுவும் மீனா, பாலத்தில் போன மோட்டார் சைக்கிளா என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார்.

மகனைக் கூட்டிவரும்போது காலை நேரமே வாருங்கள், எட்டு மணிக்கு முன்னமே நம்பர் எடுத்தால் பத்துக்குள் திரும்பிவிடலாம். வரும் வாரம் முழுக்க அவன் எத்தனை மணிக்கு வெளியே போனான், எவ்வளவு குடித்தான், ஓடி முடித்துக் கண் இருட்டியதா என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அதை மாமியையே எழுதச் சொல்லுங்கள்.